விளிம்பில் எழுதாத பெயர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிழைக்குள் எங்கள் மலையகத்தின் வரலாறும் சேர்ந்து கிடப்பதால் சுருக்கிச் சொல்ல வரவில்லை. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.

2023 ஜனவரி. நாட்டின் 75ஆவது சுதந்திர தினத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. எங்கள் பாடசாலையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஒரு சித்திரப் போட்டி வைத்தோம். "சுதந்திரத்தின் 75 ஆண்டுகளுக்கு ஒரு நினைவுப் பதக்கம் வடிவமையுங்கள்" என்பதுதான் தலைப்பு. சித்திர ஆசிரியை அன்று லீவு. வரலாறு படிப்பிக்கிற நான் வகுப்பில் நின்றேன்.

எல்லாரும் எதிர்பார்த்ததைத்தான் வரைந்தார்கள். சிங்கம், கொடி, சிவனொளிபாதமலை, தாமரை, புறா. தரம் 9 பிள்ளை ஒருத்தி மட்டும் இரண்டு வட்டம் போட்டிருந்தாள். முதல் வட்டத்தில் ஒரு கொழுந்துக் கூடை. இரண்டாவது வட்டத்தின் நடுவில் மூன்று இலக்கத்தில் ஒரு எண். வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு பெண்ணின் பெயர்.

"மகள், இது என்ன நம்பர்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாயியோட பேர் நம்பர் சேர். சுத்தி இருக்கிறது அப்பாயியோட பேரு."

"பதக்கத்தில் நம்பர் எல்லாம் போடுறதில்லை மகள். தேசியச் சின்னம் ஒன்றைப் போடுங்க. சிங்கத்தைப் போடுங்க, புள்ளி கிடைக்கும்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அழிறப்பரை எடுத்து அழித்துவிட்டுச் சிங்கம் வரைந்தாள். அந்தச் சிங்கம் சரியாக வரவில்லை. பரிசும் கிடைக்கவில்லை.

போன மாதம் அலுமாரியைத் துப்பரவாக்கும்போது அந்தத் தாள் கையில் பட்டது. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். சிங்கத்தின் வயிற்றுக்குள் அந்த மூன்று இலக்கமும் அப்படியே தெரிகிறது. பிள்ளை அழுத்தி எழுதியிருக்கிறாள். அழித்தாலும் பென்சில் பதிந்த தடம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் பதக்கங்களைப் பற்றித் தேடி வாசித்தேன். பதக்கத்தில் நம்பர் போடுவதில்லை என்று நான் சொன்னது சரியா? தப்பு. முழுத் தப்பு.

பதக்கம் என்ற கலைக்கு ஏறக்குறைய 600 வயது. 1438 அளவில் இத்தாலியின் பிசனெல்லோ என்ற ஓவியர் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜோனுக்கு ஒரு பதக்கம் வார்த்தார். முகப்பில் பேரரசரின் முகம், சுற்றிவர அவர் பெயர். மறுபக்கத்தில் அவர் குதிரையில் இருக்கும் காட்சி. இன்றைக்கும் உலகம் முழுக்க அதே முறைதான். ஒரு பக்கம் யாரைக் கொண்டாடுகிறோம் என்பது. மறுபக்கம் எதற்காக என்பது. முடியரசு போய் நாடு சுதந்திரம் பெற்றால் அரசர் முகம் இருந்த இடத்தில் நாட்டின் சின்னம் வரும். எங்கள் நாட்டிலும் 1963இல் புதிய நாணயங்கள் வந்தபோது எலிசபெத் மகாராணியின் முகம் போய் அரச இலச்சினை வந்தது.

பதக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு இடமும் உண்டு. அதுதான் விளிம்பு. முதலாம் உலகப் போர் முடிந்து பிரித்தானிய அரசு கொடுத்த போர்ப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். விளிம்பின் மேல், வாங்கிய சிப்பாயின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். இலக்கமும் பெயரும் சேர்ந்து. என் மாணவி வரைந்ததும் இதைத்தானே?

இந்தப் பதக்கத்துக்கும் எங்கள் மலைக்கும் தொடர்பு இருக்கிறது. 1914 ஒக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. அந்தப் படையில் போனவர்கள் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார். சூயஸிலும் பிறகு கலிப்பொலியிலும் கடமை செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கங்களின் விளிம்பில் அவரவர் பெயர் இருந்தது.

அதே போர்ப் பதக்கம் வெண்கலத்திலும் அடிக்கப்பட்டது. அது யாருக்குத் தெரியுமா? அந்தப் போரில் சுமை தூக்கவும் குழி தோண்டவும் கொண்டுபோன சீன, இந்திய, மால்ட்டா தொழிலாளர் படைகளுக்கு. ஒரே போர், ஒரே வடிவம். சிப்பாய்க்கு வெள்ளி, கூலிக்கு வெண்கலம். பதக்கத்தின் உலோகத்தைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

எங்கள் தோட்டத்து மக்களுக்குக் கிடைத்தது எந்த உலோகம்? தகரம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "தகர டிக்கட்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. அதில் துளை போட்டிருக்கும், கயிறு கோத்து மாட்டிக்கொள்ள. வில்லையின் மேல் எந்தப் பகுதி, எந்தத் தோட்டம், எத்தனையாம் ஆள் என்பதற்கான குறியும் இலக்கமும் பொறித்திருக்கும். முகாமிலும் கப்பலிலும் ரயிலிலும் அதைக் காட்டினால் போதும், ஆள் பொதிபோல உரிய தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். துரைமார் எகிப்துக்குக் கப்பலேறிய அதே 1914இல்தான் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியது. அதன் பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

ஒரே காலம், ஒரே தோட்டம். துரையின் பதக்கத்தில் அவர் பெயர் இருந்தது. தொழிலாளியின் தகரத்தில் இலக்கம் மட்டும்தான்.

தகரம் போன பிறகும் இலக்கம் போகவில்லை. செக்ரோலில் இலக்கம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் இலக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு என்ன சொல்கிறோம்? "பேர்". "இன்னிக்குப் பேர் விழுந்திச்சா?" "கொழுந்து குறைஞ்சதால அரைப் பேர்தான் போட்டாங்க." சொன்ன நிறை வராவிட்டால் மனிசருடைய பேரே பாதியாகிவிடும். இந்தச் சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அதன் பொருளைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

துரைமாரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது. பஸாரில் எங்கள் வாப்பாவுக்குச் சின்னக் கடை. தோட்டத்து ஆட்கள் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள், சம்பளத்தன்று தருவார்கள். வாப்பாவின் கணக்குக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதிலும் பல இடங்களில் தோட்டத்தின் பெயரும் ஆளின் நம்பரும்தான். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நம்பர் போட்டால்தான் கணக்குப் பிசகாது என்பார் வாப்பா. அவருக்கு அது வசதி. ஆனால் வசதி என்றுதானே எல்லாரும் செய்தார்கள்?

இனி 1948க்கு வருவோம்.

பெப்ரவரி 4 சுதந்திரம். அன்றைய பாராளுமன்றத்தில் இலங்கை இந்திய காங்கிரஸின் உறுப்பினர்கள் 7 பேர் இருந்தார்கள். 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்தவர்கள். நுவரெலியாவுக்கு சௌமியமூர்த்தி தொண்டமான், கொட்டகலைக்கு கே. குமாரவேலு, தலவாக்கலைக்கு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டிக்கு கே. இராஜலிங்கம். சுதந்திரம் கிடைத்த நாளில் எங்கள் மக்களுக்கு வாக்கும் இருந்தது, பாராளுமன்றத்தில் ஆளும் இருந்தது.

அடுத்த மாதமே தேசியக் கொடியை வடிவமைக்க ஒரு குழு நியமிக்கப்பட்டது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைவர். ஜோன் கொத்தலாவல, ஜே. ஆர். ஜயவர்தன, எல். ஏ. ராஜபக்ஷ, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரோடு எங்கள் சமூகத்தின் பெருமைக்குரிய ஆசிரியர், ஸாஹிரா கல்லூரியின் அதிபராக இருந்த டி. பி. ஜாயா அவர்களும் அங்கத்தவர். சிங்கத்தின் பக்கத்தில் தமிழருக்குச் செம்மஞ்சள் பட்டி, முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டி என்று முடிவானது. செனட்டர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1951 மார்ச்சில் பாராளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றது.

ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். ஜாயா அவர்களின் பெயர் வரும்போது குரல் தானாகக் கொஞ்சம் உயரும். அந்தக் குழுவில் தோட்டத்து மக்களின் 7 உறுப்பினரில் ஒருவராவது இருந்தாரா என்று இத்தனை வருடமும் நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். ஒருவரும் இல்லை.

குழு கூடி நிறம் பேசிய அந்த வருடங்களிலேயே மற்ற வேலையும் நடந்து முடிந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே வருடம் தேர்தல் சட்டத் திருத்தம். கொடி கம்பத்தில் ஏறும்போது எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த நாட்டின் பிரஜைகள் இல்லை. 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கும் இல்லை.

இரண்டாவது சட்டத்தின் பெயரை இன்னொரு தரம் வாசியுங்கள். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர். அது தோட்டத்து மக்களின் பிரச்சினை மட்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். குடிசன மதிப்பீட்டில் "இந்தியச் சோனகர்" என்று எழுதப்பட்டவர்களும் அதில் அகப்பட்டவர்கள்தான். என் வாப்பாவின் வாப்பா தொண்டியிலிருந்து வந்தவர். அவரும் இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். இருந்ததற்கு அத்தாட்சி, வாடகைச் சீட்டு, பிள்ளை பிறந்த பதிவு என்று வருடக்கணக்கில் கடதாசி சேர்த்தாராம். அவருடைய தகரப் பெட்டியில் அந்தக் கடிதக் கட்டு இன்னும் கிடக்கிறது. ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ஒரு இலக்கம். அவர் பெயரை மூன்று கடிதத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். இலக்கம் மட்டும் ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல். 1964 வரைக்கும் ஏற்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். மிச்சப் பேரை 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யார் பெயரும் கேட்கப்படவில்லை. இலக்கம் சரியாக வந்தால் போதும்.

இப்போது இன்னொரு உலோக வட்டத்தைக் காட்டுகிறேன். 1981இல் மத்திய வங்கி ஒரு 5 ரூபா நாணயம் வெளியிட்டது. சர்வசன வாக்குரிமையின் 50 ஆண்டு நிறைவு. அந்த விழாவுக்கு எலிசபெத் மகாராணியே ஒக்டோபரில் இலங்கைக்கு வந்தார். பெருமைப்பட வேண்டிய விடயம்தான், மறுக்கவில்லை. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்தபோது ஆசியாவிலேயே நாங்கள் முன்னுக்கு நின்றோம். அந்த முதல் தேர்தலில் அட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குப் போனார்கள். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார்.

ஆனால் அந்த 50 வருடத்தில் எங்கள் மக்கள் எத்தனை வருடம் வாக்குப் போட்டார்கள்? 1931இலும் தோட்டத்து ஆட்களுக்கு நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்கும் நிபந்தனை இருந்தது. 1949இல் அந்த வாக்கும் போனது. நாணயம் வெளியான 1981இலும் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள். அந்த 5 ரூபாவைச் சம்பளக் கவரில் வாங்கி எங்கள் கடையில் கொடுத்த எத்தனையோ பேருக்கு வாக்கு இல்லை. வாப்பா அதை வாங்கி லாச்சியில் போட்டிருப்பார். அவருக்கும் அது தோன்றியிருக்காது.

1998இல் சுதந்திரப் பொன்விழா. முப்படையினருக்கு நினைவுப் பதக்கம் கொடுத்தார்கள். மத்திய வங்கி 10 ரூபா நாணயமும், வெள்ளியில் 1000 ரூபாவும், தங்கத்தில் 5000 ரூபாவும் வெளியிட்டது. பிளாஸ்டிக்கில் அடித்த 200 ரூபாத் தாளும் அந்த விழாவுக்கு வந்ததுதான், பலருக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு கொண்டாட்டத்துக்குப் பிறகும் ஐந்து வருடம் போய்த்தான், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால், எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. தங்க நாணயம் முந்திக்கொண்டது. அடையாள அட்டை பிந்தியது.

"எங்கள் ஆட்களின் படமும் போட்டிருக்கிறார்களே சேர்" என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். 1930களில் வந்த 9 சத முத்திரையிலேயே கொழுந்து பறிக்கும் காட்சி இருக்கிறது. 1967இல் தேயிலை நூற்றாண்டுக்கும் முத்திரைகள் வந்தன. ஆனால் அவற்றில் கொண்டாடப்பட்டது தேயிலை. பறிக்கிற பெண் அதற்கு அலங்காரம். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவரோடு நின்று அந்த மலையை வெட்டித் திருத்தியவர்களில் ஒருவர் பெயரைச் சொல் என்றால் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எனக்கும் தெரியாது. 1972இல் வந்த அரச இலச்சினையையும் பாருங்கள். சிங்கம், தாமரை இதழ், பூரண கும்பம், சூரியன், சந்திரன், நெற்கதிர் எல்லாம் இருக்கின்றன. நாட்டுக்கு இத்தனை காலம் டொலர் கொண்டுவந்த கொழுந்து அதில் இல்லை.

மாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த 75ஆவது சுதந்திர வருடத்திலேயே, 2023 ஜூலை கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு "மாண்புமிகு மலையக மக்கள்" நடைபயணம் வந்தது. அன்று முன்னோர் நடந்த பாதையில் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று வழிநெடுக மக்கள் வரவேற்றார்கள். மலையகம் 200ஐ ஒட்டி நினைவு முத்திரையும் வந்தது. இந்த முறை கொண்டாடப்பட்டது பயிர் இல்லை, மக்கள்.

அதே வருடத்தின் ஜனவரியில், நான் ஒரு பிள்ளையிடம் அவளுடைய அப்பாயியின் பெயரை அழிக்கச் சொன்னேன்.

யாரும் எனக்கு அப்படி உத்தரவு போடவில்லை. போட்டி விதியில் அப்படி ஒன்றும் இல்லை. பதக்கம் என்றால் சிங்கம், நம்பர் என்றால் தோட்டம் என்று என் தலைக்குள் இருந்தது. துரைமார் போய்விட்டார்கள், சட்டமும் மாறிவிட்டது. அந்தப் பழைய கணக்கு மட்டும் வரலாறு படிப்பிக்கிற ஒருவரின் தலைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளையோ யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாக வரைந்தாள். தோட்டம் கொடுத்த இலக்கத்தை எடுத்து, அதைச் சுற்றித் தோட்டம் எழுத மறந்த பெயரை எழுதினாள்.

போன கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். லயத்துக்கு ஏறும் படியில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். தாளைக் காட்டி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது கெடக்கட்டும் சேர். அந்த நம்பர்ல நாப்பது வருசம் பேர் போட்டிருக்கேன். ஒரு நாள்கூட கணக்கப்பிள்ளை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றார். பிள்ளை உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள், கலைப் பிரிவில். சித்திரமும் ஒரு பாடம். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பதக்கத்தைத் திரும்ப வரைந்து தரும்படி கேட்டிருக்கிறேன். வரைந்ததும், அவர்கள் இருவரும் சம்மதித்தால், எங்கள் பாடசாலை மண்டபத்தில் மாட்டுவோம், இன்ஷா அல்லாஹ். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை முதலில் எழுத வேண்டியவள் அவள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டன், நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எங்கிருந்தாலும் சரி, வீட்டில் பழைய தகர வில்லை, பத்துச் சீட்டு, செக்ரோல் அட்டை, பிரஜாவுரிமைக் கடிதம், பாஸ்போர்ட் எதுவும் இருந்தால் வீசிவிடாதீர்கள். கடை வைத்திருந்தவர்கள் பழைய கணக்குக் கொப்பிகளையும் பழைய கடதாசிக்காரனுக்குப் போடாதீர்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக, அந்த இலக்கம் யாருடையது என்று தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பக்கத்தில் பெயரை எழுதி வையுங்கள்.

நான் எங்கள் கடைக் கொப்பியில் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 31 நம்பர். இதுவரைக்கும் 9 பேரின் பெயர் கிடைத்திருக்கிறது.